அறுநூற்றுப் பன்னிரண்டாம் வரி

அக்டோபர் 9, திங்கள்

காலை ஜெபம், காபி, பிரஷர் மாத்திரை. பத்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்து அலுவலகம்.

மேற்குச் சுவரை உள்ளே தள்ளிக் கட்டியதில் நாற்பத்தொரு பழைய கல்லறைகள் போய்விட்டன. எலும்புகளைப் பொதுக்குழியில் சேர்த்து, பங்குத்தந்தை தார்சியுஸ் மந்திரித்தும் ஆயிற்று. மிச்சமிருக்கும் 1,846 கல்லறைகளுக்கும் எண் மாற வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் புதிய பட்டியல் அச்சாகிவிடுமா என்று ஃபாதர் கேட்டார். தொழிற்சாலைக் கணினிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவளிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. இந்தப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியதே நான்தான்.

அதற்கு முன் இருந்த அழகு எனக்குத் தெரியும். ஒரே கல்லறையை இங்கே ஒரு குடும்பத்துக்கும், பங்கு அலுவலகத்தில் இன்னொரு குடும்பத்துக்கும், ஒரே காலையில் எழுதிவிட்டார்கள். வாசலில் இரண்டு சவப்பெட்டிகள் வந்து நின்றன. அதற்குப் பிறகுதான் என் ஞாபகம் வந்தது அவர்களுக்கு. நான் வைத்த முதல் கட்டுப்பாடு இது: ஒருவர் ஒரு வரியைத் திருத்தத் திறந்தால், எழுதி மூடும்வரை அந்த வரி அவருடையது. மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது. நான் படித்த கான்வென்ட்டில் மதர் அன்செல்மா வருகைப் பதிவேட்டில் பேனாவை வைத்துவிட்டால், தலைமை மதர் வந்தாலும் நின்றுதான் ஆக வேண்டும். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

உறவு என்ற கட்டத்தில் 'மற்றவை' என்று ஒன்று சேர்க்கச் சொல்லி அப்போது கமிட்டியில் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். என்ன உறவென்று சொல்லத் தெரியாத இருவரை ஒரே குழியில் வைக்க முடியாது. அது சோம்பேறிகள் கேட்கிற சொல்.

விசைப்பலகையில் ஒரே தூசி. மறைந்த என் கணவருடைய பழைய வெள்ளைச் சட்டையைக் கிழித்துத் துடைத்தேன். காலர் மட்டும் கிழியவில்லை. தேய்ந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருக்கிறது. நல்ல தையல்.

அக்டோபர் 11, புதன்

நிரலை எழுதி முடித்து ஓடவிட்டேன். விரலை வைத்துப் படிக்கிற குழந்தை மாதிரி அது மேலிருந்து கீழே போகும். ஒரு வரியில் விரல் வைக்கும், பூட்டும், புது எண் எழுதும், அடுத்த வரிக்கு இறங்கும். கடைசி வரி முடிந்தபிறகே எல்லாம் நிலைக்கும். நடுவில் நிறுத்தினால் எழுதியது அத்தனையும் அழிந்து முதலிலிருந்து. வேண்டுமென்றே அப்படி வைத்தேன். பாதி புது எண், பாதி பழைய எண் என்று ஒரு தோட்டம் இருக்கக் கூடாது.

10.40க்கு நின்றது. '612: வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.'

612 இவருடையது. அது தற்செயல்.

அலுவலகத்தையும் பங்கு அலுவலகத்தையும் சேர்த்து இரண்டே கணினிகள். அங்கே எழுத்தர் பெர்னதெத். போன் செய்தேன்.

"பெர்னா, 612ஐத் திறந்து வச்சிருக்கியா?"

"இல்லீங்களே மேடம்... ஆமாங்க மேடம். சும்மா பாத்தேன்."

"பாக்குறதுக்குப் பார்வைன்னு தனியா ஒரு பொத்தான் இருக்கு. திருத்துறதுல ஏன் போன?"

"கை பட்டுருச்சு மேடம்."

ஆறு வருடமாகக் கை படாதவள். அவள் மூடுவாள் என்று நாற்பது நிமிடம் பார்த்தேன். பிறகு நிறுத்தினேன். மதியத்துக்குள் முடிய வேண்டிய வேலை.

அக்டோபர் 12, வியாழன்

மறுபடியும் 612.

ஆட்டோ பிடித்துப் பங்கு அலுவலகத்துக்கே போனேன். பெர்னா சாப்பிடப் போயிருந்தாள். திரையை மட்டும் அணைத்துவிட்டு மேலே பூத்துணியும் போர்த்தியிருந்தாள். திரை இருண்டால் கணினியே தூங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துணியை எடுத்துத் திரையைப் போட்டேன். 612 திறந்திருந்தது. முதல் இடம்: எட்வர்ட் ஞானாதிக்கம், அடக்கம் 2009 செப்டம்பர் 18. இரண்டாம் இடம் என்ற கட்டத்தில் 'சந்த' என்று மூன்று எழுத்து. அதற்கடுத்து அந்தக் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

அடுத்தவர் எழுதி முடிக்காத பதிவைப் படிப்பது முறையல்ல. திரையை அணைத்து, துணியை இருந்தபடியே போர்த்திவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கட்டத்தை நான் வெற்றாக விட்டிருந்தேன். என் பெயரை நானே ஏற்றிக்கொள்வது அழகல்ல. யாராவது ஒருநாள், "மேடம், உங்க பேரப் போட்டுடட்டுமா?" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். பதினான்கு வருடத்தில் யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் யோசிக்கவில்லை.

வரும் வழியில் தயிர் வாங்கினேன். புளித்திருந்தது.

அக்டோபர் 13, வெள்ளி

ஃபாதர் கூப்பிட்டனுப்பினார். எனக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். நல்ல செய்திக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போடுவதில்லை.

"அம்மா, ஒரு விண்ணப்பம் வந்திருக்கு. பெர்னாகிட்ட ஏத்தச் சொன்னேன். மூணு நாளாத் திறந்து வச்சிக்கிட்டு அழுவுது. மேடம் மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு."

"என் மூஞ்சிக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் ஃபாதர்?"

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். இரண்டு வரி. 'பதினான்கு வருடம் கழித்து என் கல்லறையைத் திறக்கலாம் என்றாகும்போது, இரண்டாம் இடம் மணப்பாறை சந்தனமேரிக்கு. எ. ஞானாதிக்கம்.' கீழே தேதி. எந்தக் காகிதத்திலும் தேதி போட வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

"மக கொண்டாந்து குடுத்துச்சு. அந்தம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கமிட்டியில வச்சுத் தள்ளிப் போட்ரலாம். யாரும் உங்களக் குறை சொல்ல மாட்டாங்க. எல்லாருக்கும்..."

"எல்லாருக்கும்?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஃபாதர், ஏழாம் விதி என்ன சொல்லுது?"

அவருக்குத் தெரியும். ஆனாலும் நானே சொன்னேன். முதலில் அடக்கமானவர் தன் கையால் எழுதிவைத்திருந்தால் அவர் எழுத்தே செல்லும். உயிரோடு இருப்பவர்களின் வழக்குக்கு இடமில்லை. இரண்டு சகோதரர்கள் ஒரு தாயின் குழிக்கு அடித்துக்கொண்டபோது நான் எழுதிக்கொடுத்த விதி. கமிட்டி எழுந்து நின்று கை தட்டியது.

"விதி எழுதினவளே தள்ளிப்போடச் சொல்ல மாட்டா. பெர்னாவை மூடச் சொல்லுங்க. நானே ஏத்திடறேன்."

"நீங்களா?"

"பதிவு என்னுடையது."

இங்கே வந்து 612ஐத் திறந்தேன். அது என் பெயரில் பூட்டிக்கொண்டது. மணி நான்காகிவிட்டது. மீதியை நாளை பார்க்கலாம்.

அக்டோபர் 16, திங்கள்

612 திறந்திருக்கிறது. கல்லறை நீள அகலத்தை மறுபடி அளக்காமல் எழுத முடியாது. அளவுநாடாவைக் காணோம்.

அக்டோபர் 17, செவ்வாய்

அளவுநாடா கிடைத்தது. முழங்கால் வலி. குனிய முடியவில்லை.

பெர்னா போன் செய்தாள். "மேடம், 612 உங்க பேர்ல பூட்டியிருக்குன்னு வருதே."

"வரட்டும்."

"இல்ல, நீங்க மறந்து..."

"நான் எதையும் மறக்குறதில்ல பெர்னா."

நான் வடிவமைத்தபோது, பூட்டியவர் மூடாமல் போய்விட்டால் இத்தனை நேரம் கழித்துத் தானாகத் திறக்கட்டும் என்று ஒரு கெடு வைக்கலாம் என்றார்கள். வைக்கவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்குக் கெடு எதற்கு?

அக்டோபர் 19, வியாழன்

கேஸ் வந்தது. சிலிண்டர் தூக்கிவந்தவன் செருப்போடு உள்ளே வந்தான். திருப்பி அனுப்பி, கழற்றிவிட்டு வரச் சொன்னேன்.

பீரோ மேல்தட்டைக் காலி செய்தேன். இவருடைய சட்டைகள் ஒன்பது. ஒன்பதிலும் காலர் திருப்பியிருக்கிறது. பொத்தான்கள் துணி நிறத்துக்கு ஏற்ற நூலில். மாதம் இரண்டு சனிக்கிழமை மணப்பாறைக்கு 'இன்ஸ்பெக்‌ஷன்' போவார். ரயில்வேயில் அப்படி ஒரு வேலை இல்லை என்று எனக்குத் தெரியாதா? ஞாயிறு மாலை பெட்டியைப் பிரித்துச் சட்டைகளைத் துவைக்கப் போடுவது நான். ஊசியில் நூல் கோக்க எனக்கு என்றைக்கும் வராது என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் அவர் ஒரு பதில் சொல்வார். பதில் சொன்னபின் அது பதிவாகிவிடும். அதனால் கேட்கவில்லை. முப்பது வருடம்.

அக்டோபர் 21, சனி

அந்தப் பெண் வந்தாள். பெயர் அமலி. போக்குவரத்துக் கழக டிப்போவில் கிளார்க்காம். நாற்பது வயதிருக்கும். இவருடைய நெற்றி. அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"வணக்கம் பெரியம்மா."

"யார் உன்னை அப்படிக் கூப்பிடச் சொன்னது?"

"அப்பாதான்."

உட்காரச் சொல்லவில்லை. அவளே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"சண்டைக்கு வரலை. அம்மாவுக்கு இன்னும் பத்து நாளு தாங்குனா அதிகம்னு டாக்டர் சொல்லிட்டாரு. பேரு ஏறிடுச்சான்னு தெனம் கேக்குது. ஏறிடுச்சும்மான்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். அது உண்மையாயிட்டாப் போதும்."

"பொய் சொல்றதுக்கு உங்க வீட்டுல பழக்கம் உண்டு."

"எங்க வீட்டுலயா?" என்று சிரித்தாள். "நாங்க மணப்பாறையில யாருகிட்டயும் எதையும் மறைக்கலையே. எங்கப்பா வந்தா தெருவே வந்து உக்காந்து பேசும். மறைச்ச வீடு இங்கல்ல இருந்துச்சு."

விசைப்பலகையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா தச்ச காலரு" என்றாள்.

துணியை இழுப்பறையில் போட்டேன். "அவர் என்னைப் பத்தி அங்க என்ன சொல்லுவார்?"

கேட்டிருக்கக் கூடாது. எழுபத்து நான்கு வயதில் கேட்கத் தகாத ஒன்றை இவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டேன்.

"ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. கரண்ட் பில்லு, ஆஸ்பத்திரின்னு எதுல குழப்பம் வந்தாலும், எமி இருந்தா சரியாச் சொல்லியிருப்பான்னு சொல்லுவாரு."

"அவ்வளவுதானா?"

"சொல்லிட்டுச் சிரிப்பாரு. நாங்களும் சிரிப்போம்." கொஞ்சம் தயங்கினாள். "கேலியா இல்ல பெரியம்மா."

கேலியாக இருந்திருந்தால் தேவலை.

"பதிவு வேலையில இருக்கு. முறைப்படி நடக்கும். போய் வா" என்றேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

ஃபாதர் நேரில் வந்தார். பட்டியல் அச்சகத்துக்குப் போக வேண்டுமாம். பெர்னா ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"பூட்டியிருக்கிற அந்த ஒரு வரியைத் தாண்டிட்டுப் போகச் சொல்லலாமாமே அம்மா? மத்ததெல்லாம் முடிஞ்சிருமாம்."

"சொல்லலாம். சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"612ஐத் தாண்டினா 613க்கு என்ன எண் குடுப்பீங்க? ஒருத்தரை விட்டுட்டு எண்ணினா அது எண்ணிக்கையா ஃபாதர்? கீழ இருக்கிற ஆயிரத்து இருநூறு பேருக்கும் தப்பு எண். திருநாளன்னைக்கு ஒவ்வொரு குடும்பமும் வேற யார் கல்லறையிலயோ மெழுகுதிரி ஏத்தும்."

"அப்ப அதை எழுதிருங்களேம்மா."

"நான் எழுத மாட்டேன்னு எப்பச் சொன்னேன்?"

அவர் கிளம்பினார். வயதில் என் மகனாக இருக்க வேண்டியவர். போகும்போது தலைக்கு மேல் கை நீட்டி ஆசீர்வதித்தார். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

612 திறந்திருக்கிறது.

அக்டோபர் 28, சனி

பங்கு அலுவலகத்திலிருந்து போன். மணப்பாறையில் காலை ஐந்தரைக்கு. நாளை மாலை நாலு மணிக்கு அடக்கம்.

"அனுமதிச் சீட்டு அடிக்கணும் மேடம்" என்றாள் பெர்னா. "612 தொறக்க மாட்டேங்குது." அழுகிற குரல்.

சீட்டு இல்லாமல் எந்தக் குழியும் தோண்டக் கூடாது. விதி மூன்று. பூட்டிய வரிக்குச் சீட்டு அச்சாகாது. குழிவெட்டுகிற சவரிமுத்து இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூடச் சீட்டு இல்லாமல் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

"பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, அலுவலகத்தைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. சொன்ன நேரத்துக்கு யாரும் எதையும் செய்வதில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

முதல் பூசைக்குப் போனேன். எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

நாலு மணிக்குத் துக்கமணி கேட்டது. ஜெபமாலையை எடுத்தேன். எந்த மணியில் இருக்கிறேன் என்று இரண்டு முறை தவறிவிட்டது.

ஆறு மணிக்குச் சவரிமுத்து வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கையெல்லாம் மண்.

"யம்மா, சீட்டு இல்லாமத் தோண்டிட்டேன். நீங்க திட்டுறதுன்னா இப்பவே திட்டிருங்க. ராத்திரி தூக்கம் வராது."

"யார் சொல்லித் தோண்டினீங்க?"

"பங்குச் சாமிதான். நாங்கூடக் கேட்டேன், அம்மா பூட்டி வச்சிருக்காங்களாமேன்னு. கம்ப்யூட்டரைத்தானே பூட்டிருக்காங்க சவரி, மண்ணு தொறந்துதானே கெடக்குன்னாரு." தலையைச் சொறிந்துகொண்டார். "அய்யா பெட்டி இருந்த எடத்துக்கு மேல ஒரு சாண் மண்ணு விட்டுத்தான் நிறுத்துனேன். அவர அசைக்கல."

"சரி."

"ஒண்ணு கேக்கலாமா? அப்ப ஒங்களுக்கு எங்கம்மா?"

"அதுக்கு இப்ப என்ன அவசரம்?"

"சாமிகிட்டயும் கேட்டேன். முழிக்கிறாரு."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். சொம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 30, திங்கள்

அலுவலகத்துக்குப் போகவில்லை. கால் வலி என்று பெர்னாவிடம் சொன்னேன். கால் வலிக்கவில்லை.

612இல் இரண்டு பேர். என் பதிவேட்டில் ஒருவர். ஐந்தாம் வகுப்பில் லீடராக இருந்த நான் ஒருநாள் வராத பெண்ணுக்கு வந்ததாகக் குறித்துவிட்டேன். அவள் என் தோழி. மதர் அன்செல்மா என்னை அடிக்கவில்லை. பதிவேட்டை என் கையில் கொடுத்து, "அந்தக் காலி இடத்தைக் காட்டு, அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்?" என்று கேட்டார். வகுப்பு முடியும்வரை அந்த பெஞ்சைக் காட்டியபடி நின்றேன்.

இப்போது பெஞ்சில் ஆள் இருக்கிறது. இல்லை என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். முதலில் கல்லறைக்குப் போய் அளவெடுத்தேன். ஆறரைக்கு மூன்று. முன்பிருந்த அதே அளவு. மண் ஈரமாக இருந்தது. செவ்வந்தி மாலை ஒன்று சரிந்து பாதையில் கிடந்ததைத் தூக்கி மேலே போட்டேன். பாதையில் எதுவும் கிடக்கக் கூடாது.

612. இரண்டாம் இடம்: சந்தனமேரி. அடக்கம்: அக்டோபர் 29. சீட்டு: இல்லை. அனுமதித்தவர்: பங்குத்தந்தை. எல்லாம் எழுதியாயிற்று. கடைசிக் கட்டம், முதல் இடத்தில் இருப்பவருக்கு உறவு.

வெற்றாக விட்டால் மூட விடாது. நான்தான் அப்படி வைத்தேன். பட்டியலைத் திறந்தேன். தாய், தந்தை, கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி. 'மற்றவை' இல்லை.

பட்டியலில் புதிதாக ஒரு சொல் சேர்க்க எனக்கு இரண்டு நிமிடம் ஆகும். என்ன சொல் என்று யோசித்தேன். அவளுக்குப் பொருந்துகிற சொற்கள் தமிழில் நிறையவே இருக்கின்றன. முப்பது வருடமாக அவற்றையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பழகியும் இருக்கிறேன். ஒன்றைக்கூட என் பதிவேட்டில் எழுத மனம் வரவில்லை.

சகோதரி என்பது பொய்.

மனைவி என்பதில் விரலை வைத்தேன். எழுதி மூடினேன்.

பிறகு நிரலை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 612 வந்தது. நிற்கவில்லை. 571 ஆகி, அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. மொத்தம் பதினொரு நிமிடம். பட்டியல் மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போயிற்று. ஃபாதர் நன்றி சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

கிளம்புமுன் இன்னொன்றும் செய்தேன். திறந்த வரியை இருபது நிமிடத்துக்குள் எழுதி மூடாவிட்டால், இனி அது தானாகத் திறந்துகொள்ளும். யாராக இருந்தாலும்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். ஒருவருக்கும் எண் தவறவில்லை. 571இல் அமலி மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று இடம் விட்டாள். நான் நிற்கவில்லை. கையில் இருந்த திரியை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தபோது அதை முதல் இடத்துப் பக்கம் தனியாக நட்டு வைத்திருந்தாள்.

நவம்பர் 3, வெள்ளி

பங்கு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தேன். ஒற்றைக் கல்லறை, கிழக்குச் சுவரோரம், எண் 1,790. மற்றவர்களைப் போல வரிசையில் நின்றுதான் கொடுத்தேன். பெர்னா படித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"மேடம், இது..."

"ஒக்காரு. ஏத்து."

பெயர் எமரன்சியா. பிறந்த தேதி, ஞானஸ்நானப் பங்கு எல்லாம் ஏற்றினாள். பிறகு கை நின்றது.

"கணவர் பெயர்னு கேக்குது மேடம். விட முடியாதா?"

"முடியாது. நான்தான் வச்சேன்."

"என்ன போடட்டும்?"

"என்ன இருக்கோ அதைப் போடு."

எட்வர்ட் ஞானாதிக்கம் என்று அடித்தாள். மூடவில்லை. பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு, கண் நிறைந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் நாலு பேர்.

"தொறந்து வச்சிக்கிட்டு ஒக்காராத பெர்னா" என்றேன். "எழுதி மூடு."